விலக்கும் அதன் சுமையும்

விளக்கு வைத்த பிறகு உப்பைக் கடன் கொடுக்கலாகாது, இருட்டிய பின் பாம்பைப் பெயர் சொல்லிக் குறிக்கலாகாது, கணவனுடைய பெயரை மனைவி தன் வாயால் சொல்லலாகாது, அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பின் ஊர் எல்லை தாண்டி இராத் தங்கலாகாது என்று நம் கிராமங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் விலக்குகளை மூட வழக்கங்கள் என்று ஒதுக்கிவிடுவோர் ஒருபுறமும், ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஒரு சுகாதார விதியைக் கற்பித்து முன்னோர்களின் விஞ்ஞான ஞானத்தை மெச்சுவோர் மறுபுறமுமாக நின்று வாதிடுவதை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். இரு சாராரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். விலக்கினால் பயன் உண்டா இல்லையா என்பதை மட்டுமே அவர்கள் கேட்கிறார்கள். அது எதைச் சுற்றி எழுப்பப்பட்டிருக்கிறது, அதன் சுமையை யார் தாங்குகிறார்கள் என்ற இரண்டு வினாக்களையும் அவர்கள் எழுப்புவதில்லை. ஒரு ஜனசமூகம் தன் உயிர்நிலை என்று எதைக் கருதுகிறது என்பதை முதல் வினாவும், அச்சமூகத்தின் நீதி எத்தகையது என்பதை இரண்டாம் வினாவும் புலப்படுத்தும்.

இத்துறை ஐரோப்பியர் கவனத்துக்கு வந்த வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1777-இல் தம் மூன்றாம் கடற்பயணத்தின்போது டோங்கா தீவுகளில் தங்கிய காப்டன் குக், அத்தீவினர் சில உணவுகளையும் இடங்களையும் மனிதர்களையும் ‘தபு’ என்று ஒதுக்கி வைப்பதைக் கண்டு எழுதிவைத்தார். ஜேம்ஸ் ஃபிரேசர் 1888-இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்காக இப்பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அங்கே தொடங்கிய தேட்டம் 1890-இல் ‘பொற்கிளை’ என்னும் நூலாகி, மூன்றாம் பதிப்பில் 12 தொகுதிகளாக விரிந்தது. பாதிரிமார்களும் அதிகாரிகளும் உலகெங்கிலுமிருந்து அனுப்பிய செய்திகளைத் தம் நூலறையில் இருந்தபடியே திரட்டி வகைப்படுத்திய அப்பெரியாரின் உழைப்புக்கு இத்துறையினர் அனைவரும் கடமைப்பட்டவர்களே. ஆயினும் விலக்கு என்பது காரண காரியத் தொடர்பைத் தவறாக உணர்ந்த ஆதி மனிதனின் சிந்தனைப் பிழை என்பதற்கு மேல் அவர் செல்லவில்லை. எவரும் விரும்பாத ஒன்றை விலக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆகவே விலக்கின் அடியில் ஆசை மறைந்திருக்கிறது என்று 1913-இல் உளப்பகுப்பாய்வு அறிஞர் ஃபிராய்டு கூறியது அதனினும் ஆழமான கருத்து. ஆனால் அவரோ சமுதாயம் முழுவதையும் தம் சிகிச்சைக் கட்டிலில் கிடத்திவிட்டார்.

விலக்கை மனத்தின் கோளாறாகக் காணாமல் சமுதாயத்தின் மொழியாகக் கண்டவர் மானிடவியலறிஞர் ராட்கிளிஃப்-பிரவுன். 1906 முதல் 1908 வரை அந்தமான் தீவுகளில் ஆராய்ந்த அவர், 1939-இல் ஃபிரேசரின் பெயரால் அமைந்த சொற்பொழிவிலேயே ஃபிரேசரை மறுத்துப் பேசியபோது எடுத்துக்காட்டிய செய்தி இது: அந்தமானியரிடையே ஒரு பெண் கருவுற்றிருக்கும் காலத்தில், அவள் மட்டுமன்றி அவள் கணவனும் மற்றக் காலங்களில் தடையின்றி உண்ணும் சில உணவுகளை உண்பதில்லை, குழந்தை பிறந்து சில வாரங்கள் ஆகும் வரையில் அவ்விருவரின் சொந்தப் பெயரை ஊரார் எவரும் சொல்வதில்லை. பிறக்கப் போகும் உயிர் பெற்றோர் இருவருக்கும், அவர்களோடு சேர்ந்து சுற்றத்தார் யாவருக்கும் உரியது என்பதை நாள்தோறும் நினைவூட்டுவதற்கு இதைக் காட்டிலும் எளிய உபாயம் வேறு இருக்க முடியாது. நம் வீடுகளிலும், மனைவி சூலுற்றிருக்கும்போது கணவன் முடி இறக்கக் கூடாது, மலையேறக் கூடாது, பிணத்தைச் சுமக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவ்விலக்குகளைக் கேட்டுச் சிரிக்கும் இளைஞன், வயிற்றில் சுமக்கும் பாரத்தில் தனக்கும் ஒரு பங்கைக் கொடுக்க அவர்கள் முயன்றார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பானாக.

இனி, நாடோடிக் கதைகளின் பக்கம் திரும்புவோம். ஸ்டித் தாம்ஸன் என்னும் அமெரிக்க அறிஞர் உலகக் கதைக்கூறுகளைத் தொகுத்து அகரவரிசையில் பகுத்த பேரட்டவணையில் விலக்குகளுக்கென்றே ஒரு முழு எழுத்தை ஒதுக்க வேண்டியிருந்தது. ருஷ்யக் கதைகளின் அமைப்பை ஆராய்ந்து 1928-இல் நூல் வெளியிட்ட விளாதிமிர் பிராப், கதை நிகழ்ச்சிகளை 31 வகையாக வரிசைப்படுத்தி, இரண்டாவதாக விலக்கையும் மூன்றாவதாக அதன் மீறலையும் வைத்தார். விலக்கு வந்துவிட்டால் மீறல் வந்தே தீரும். கட்டளையைக் கேட்டபடி அடங்கி நடந்தவனைப் பற்றி எந்தப் பாட்டியும் கதை சொன்னதில்லை. வாழ்க்கையில் காக்கப்படுவதற்காகவே விதிக்கப்படும் விலக்கு கதையில் உடைக்கப்படுவதற்காகவே விதிக்கப்படுகிறது. பகலெல்லாம் விலக்குகளுக்குக் கட்டுப்பட்டு வாழும் மக்கள், இரவில் திண்ணையில் அமர்ந்து, அவற்றை மீறினால் என்ன நேரும் என்று அச்சமின்றி எண்ணிப் பார்ப்பதற்குக் கதையை ஒரு பாதுகாப்பான களமாக அமைத்துக்கொண்டார்கள்.

இக்கதைகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவை, மானிடன் ஒருவன் வேற்றுலகப் பெண்ணை மணந்து இழக்கும் கதைகள். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உரையாடலாகவும் சதபத பிராமணத்தில் விரிவான கதையாகவும் வரும் புரூரவஸ், தன்னை ஆடையின்றி ஊர்வசி காணலாகாது என்ற நிபந்தனையை ஏற்று அவளோடு வாழ்கிறான். கந்தருவர்கள் அவள் கட்டிலருகே கட்டியிருந்த ஆட்டுக்குட்டிகளைக் கவர்ந்து செல்ல, அவன் பதறி எழுந்தோட, மின்னல் வெளிச்சத்தில் அவனைக் கண்ட கணமே அவள் மறைகிறாள். என்ன செய்தாலும் ஏன் என்று கேட்கலாகாது என்ற வாக்கை வாங்கிக்கொண்டு சந்தனுவை மணந்த கங்கை, ஏழு குழந்தைகளை ஆற்றில் விடுகிறாள். எட்டாவது குழந்தையின்போது அவன் வாய் திறக்கிறான். பீஷ்மர் பிழைக்கிறார், மனைவி போய்விடுகிறாள். பிரான்ஸ் நாட்டில் ஜான் தாராஸ் 1393-இல் எழுதி முடித்த மெலுசீன் கதையில், சனிக்கிழமைதோறும் தன்னைப் பாராதே என்று சொல்லியிருந்த மனைவியை அவள் கணவன் துளை வழியே பார்த்து, இடைக்குக் கீழே பாம்புருவாக அவள் நீராடுவதைக் காண்கிறான். ஜப்பானியக் கதையில், தன் இறகுகளைப் பிடுங்கியே ஆடை நெய்து கணவனின் வறுமையைப் போக்கிய நாரை மனைவி, தான் நெய்யும் அறையை அவன் எட்டிப் பார்த்ததும் பறந்து போகிறாள்.

பாராதே, கேளாதே என்ற இவ்விலக்குகள் எதைக் காக்கின்றன? பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து பெயர்த்துக் கணவன் வீட்டில் கொண்டுவந்து வைக்கும் சமுதாயங்களில் ஒவ்வொரு மணமகளும் வேற்றுலகிலிருந்து வந்தவளே. அவள் உழைப்பும் அழகும் மக்கட்பேறும் அவ்வீட்டுக்கு உடைமையாகிவிட்ட பிறகும், அவளுக்கே உரியதாய் ஒரு நாழிகை, ஓர் அறை, ஒரு மௌனம் எஞ்சியிருக்க வேண்டும் என்பதை இக்கதைகள் அறிந்திருக்கின்றன. கணவன் அந்த எச்சத்தையும் தனதாக்கிக்கொள்ள முனையும்போது எல்லாமே போய்விடுகிறது. இவற்றில் மீறுகிறவன் ஆண், இழக்கிறவனும் அவனே என்பது கருதத்தக்கது. இதற்கு நேர்மாறாக, பெரோ 1697-இல் வெளியிட்ட நீலத்தாடிக்காரன் கதையில் விலக்கு விதிப்பவன் கணவன். பூட்டிய அறைக்குள் இருப்பவையோ அவன் கொன்ற முன்னை மனைவியரின் உடல்கள். பெண் விதிக்கும் விலக்கு அவள் மானத்தைக் காக்க, அங்கே ஆண் விதிக்கும் விலக்கு அவன் குற்றத்தைக் காக்கிறது. காளிதாஸன் ஊர்வசி கதையை நாடகமாக்கியபோது, பெண்கள் நுழையலாகாத குமாரவனத்தில் அவளைக் கால் வைக்கச் செய்து கொடியாக மாற்றி, விலக்கின் சுமையைக் கணவன் தோளினின்றும் இறக்கி மனைவி தலையில் ஏற்றிவிட்டான் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கதை எந்த அவையில் சொல்லப்படுகிறதோ அந்த அவையின் மனோபாவத்தை விலக்கு ஏற்றுக்கொள்கிறது.

அயர்லாந்து வீரகதைகளில் ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனி விலக்குகள் உண்டு. கூஹுலின் என்பான் நாய் இறைச்சியைத் தின்னக் கூடாது. அடுப்பெரியும் இடத்தைக் கடக்கும்போது அங்கு அளிக்கப்படும் உணவை மறுக்கவும் கூடாது. சூழ்ச்சிக்காரக் கிழவியர் நாய் இறைச்சியைச் சமைத்து அவனை அழைக்கிறார்கள். எதைச் செய்தாலும் ஒன்றை மீறியாக வேண்டும். குலநெறியும் விருந்தோம்பலும் ஒன்றோடொன்று மோதும்போது மனிதன் படும் அவதியை இதைவிடக் கூர்மையாக ஒரு கதை சொல்லியிருப்பதாக நான் அறியேன்.

கதையை விட்டு வாழ்க்கைக்கு வருவோமாயின், நம் நீலகிரியிலேயே ஒரு சிறந்த உதாரணம் இருக்கிறது. 1902-இல் தோதவர் என்னும் பழங்குடியினரிடையே தங்கி ஆராய்ந்து 1906-இல் விரிவான நூல் வெளியிட்ட ரிவர்ஸ், அவர்களது பால்மனைகளில் மிக உயர்ந்தவற்றைப் பேணும் ‘பாலோல்’ என்னும் பூசகரின் நிலையை நுட்பமாக விவரித்திருக்கிறார். எருமை கறந்து, உறை ஊற்றி, தயிர் கடைந்து, வெண்ணெய் எடுப்பதுதான் அவர் தொழில், அதுவே வழிபாடும். அப்பதவியில் இருக்கும் காலம் முழுவதும் அவர் மனைவியோடு வாழ முடியாது. தம் ஊருக்குப் போக முடியாது. சாமானியர் எவரும் அவரைத் தீண்டலாகாது. திங்களும் வியாழனும் தவிர மற்ற நாட்களில் அவரிடம் சேதி சொல்ல வேண்டியவர் கால் மைல் தொலைவில் நின்று கூவித்தான் சொல்ல வேண்டும். முடி வெட்டுவதில்லை, நகம் களைவதில்லை. ஆற்றுக்குப் பாலம் இருந்தாலும் அதன்மேல் நடவாமல், குறிப்பிட்ட துறைகளில் மட்டுமே தண்ணீரில் இறங்கிக் கடப்பார். தம் குலத்தில் சாவு நேர்ந்தால் பதவியைத் துறந்தாலன்றி இறுதிச் சடங்குக்குச் செல்ல இயலாது. உழவு இல்லாமல் எருமைப்பாலையே பெரிதும் நம்பி மலைமேல் வாழ்ந்த அம்மக்களுக்கு எது உயிர்நிலை என்பதை அறிய வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. இதில் என்னை வியக்க வைப்பது மற்றொன்று: கடுமையான விலக்குகள் யாவும் மிக்க மதிப்புக்குரியவர்மீதே சுமத்தப்பட்டிருக்கின்றன. மேன்மைக்கு விலையாக விலக்கை வைத்த சமுதாயம் அது. ஆனால் பால்மனையை அணுகவும் பால் வேலையைத் தொடவும் தோதவப் பெண்களுக்கு உரிமை இல்லை என்பதை மறைத்து அதைப் புகழ்வதும் நேர்மையாகாது.

தூய்மை, தீட்டு என்னும் பிரிவுகளைப் பற்றி மேரி டக்ளஸ் 1966-இல் எழுதிய நூல் இத்துறையில் ஒரு திருப்பம் எனப்படுகிறது. வகைப்பாட்டுக்குள் அடங்காத பொருளே தீட்டாகிறது என்பது அவர் கொள்கை. யூதமறையின் உணவு விலக்குகளுக்கு அதைப் பொருத்திக் காட்டிய அவரே, 2002-இல் வந்த மறுபதிப்பின் முன்னுரையில் அவ்விளக்கத்தைத் திருத்திக்கொண்டது அவருடைய பெருமைக்கே சான்று. வகைப்பாட்டைப் பற்றிய விசாரணை கூர்மையானதுதான். ஆனால் வகுத்தவர் யார், வகுப்புக்கு வெளியே தள்ளப்பட்டவர் யார் என்ற கேள்வி அதில் பின்னுக்குப் போய்விடுகிறது.

பெயர் பற்றிய விலக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அகத்திணைப் பாட்டில் காதலர் இருவரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் விதித்தார். பெயர் சொன்னால் அது ஓர் ஆணின் கதை, ஒரு பெண்ணின் கதை ஆகிவிடும்; பெயர் ஒழிந்தபோது அவ்வன்பு மாந்தர் எல்லாருக்கும் பொதுவாயிற்று. தலைவனுக்கும் தலைவிக்கும் சமமாக விதிக்கப்பட்ட விலக்காதலால் அது இலக்கியத்தை வளர்த்தது. மனைவி கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்ற விலக்கோ ஒரு பக்கம் மட்டுமே பாரம் ஏற்றப்பட்டது. மனைவி பெயரைக் கணவன் சொன்னால் அவள் ஆயுள் குறையும் என்று நம் ஊரில் எவரும் அஞ்சியதில்லை. இவ்வகை வழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் காட்டிற்று. வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, பெரும்பாலும் வடமாநிலங்களில், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டுமே சொல்லித் தம் சொந்தப் பெயரை அந்நியரிடம் சொல்ல மறுத்த பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர். பெயரில்லாத பதிவு செல்லாது என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவற்றை நீக்கச் செய்தார். அரசியல் சட்டம் கொடுத்த வாக்குரிமையை ஒரு வீட்டு விலக்கு பறித்துக்கொண்டது.

சுமை பங்கிடப்படும்போது விலக்கின் தன்மை எப்படி மாறுகிறது என்பதற்கு அம்மை கண்ட வீட்டைப் பார்க்கலாம். நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள், கொப்புளங்கள் முத்துகள். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டதும், அவ்வீடு தெருவின் போக்குவரத்திலிருந்து ஒதுங்கிவிடும். அடுப்பில் தாளிதம் கிடையாது. எண்ணெய்ச் சட்டி ஏறாது. மீனும் கறியும் வாசற்படி மிதிக்கா. வீட்டுக்காரர் தலைவாரிச் சிங்காரித்துக்கொள்ள மாட்டார். அயலார் வந்து நலம் விசாரிக்க மாட்டார்கள், வீட்டாரும் வெளியே விருந்துக்குப் போக மாட்டார்கள். வேப்பிலைப் படுக்கையில் கிடக்கும் பிள்ளையின்மீது எவரும் எரிந்து விழுவதில்லை, ஏனெனில் அதன் உடம்பில் இருப்பவள் தெய்வம். மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றும் நாள் வரையில் பாட்டனாரிலிருந்து கைக்குழந்தை வரை யாவரும் இதற்கு உட்பட்டவர். நோய் பரவாமல் தடுப்பதில் இதற்குப் பங்கு இருந்திருக்கலாம். அதைவிட முக்கியமாக, பிணியாளன் தனியே துன்புறவில்லை, குடும்பம் முழுவதும் அவனோடு விரதம் இருந்தது. இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஒழிந்தது, உலகெங்கும் ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. அவ்விலக்குகள் மட்டும் சின்னம்மையைப் பற்றிக்கொண்டு இன்றும் வாழ்கின்றன.

ஐயனார் கோயில்காடுகளில் பச்சை மரத்தை வெட்டாமலும் உதிர்ந்த சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுக்காமலும் ஊர் காத்து வந்த விலக்கும் இவ்வகையினதே. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளலாகாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தெய்வ சாபமோ தண்டனையோ பின்னால் நின்று அச்சுறுத்தாத விலக்கு அது. பணக்காரனுக்கு விதிவிலக்கும் இல்லை. அவ்வூர்ச் சிறுவர்கள் தங்கள் ஆசையைக் கொடுத்து அதைக் காக்கிறார்கள்.

ஒருசாராரை மட்டும் அழுத்தும் விலக்கு எவ்வாறு முடிவுறும் என்பதை ஹவாய்த் தீவுகளின் சரித்திரத்தில் காணலாம். அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணலாகாது. பன்றி இறைச்சியும் தேங்காயும் வாழைப்பழ வகைகளில் பெரும்பாலானவையும் பெண்களுக்கு விலக்கு. மீறினால் மரண தண்டனை. 1819 மே மாதத்தில் முதலாம் கமேஹமேஹா மன்னர் இறந்தார். பெருந்தலைவர் இறந்த துக்க காலத்தில் விலக்குகள் தளர்வதும் புதிய தலைவர் அவற்றை மீண்டும் நிலைநாட்டுவதும் அந்நாட்டு மரபு. இம்முறை மறைந்த மன்னரின் தேவியரான கஆஹுமானுவும் கேஓபுஓலானியும் அவற்றை மீண்டும் எழவொட்டாமல் தடுத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் இளம் மன்னர் லிஹோலிஹோ, விருந்தொன்றில் பெண்கள் இருந்த பந்தியில் சென்று அமர்ந்து உண்டார். வானம் இடியவில்லை. உடனே கோயில்களை இடிக்கவும் திருவுருவங்களை எரிக்கவும் ஆணை பிறந்தது. பழைய முறைக்காக வாளெடுத்த அரசகுலத்தவர் ஒருவர் டிசம்பரில் குவாமோஓ போரில் மடிந்தார். அமெரிக்கப் பாதிரிமார் வந்து இறங்கியது அடுத்த ஆண்டில்தான். வெளியார் எவரும் வந்து போதித்து ஒழித்த விலக்கு அன்று அது. அதனால் அழுத்தப்பட்டவர்களே, கையில் அதிகாரம் வந்த முதற் சந்தர்ப்பத்தில், உண்டு ஒழித்தார்கள்.

நம் நாட்டு நிலையை எண்ணும்போது மனம் கனக்கிறது. ஒரு சாதியாரின் நிழலையும் தீட்டு என்று ஒதுக்கிய விலக்கை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 1950-இல் ஒழித்தது. அதைக் கடைப்பிடிப்பது குற்றமாயிற்று. ஆயினும் தேநீர்க்கடைகளில் தனிக் குவளை வைக்கும் வழக்கத்தைச் சட்டம் பிறந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும் எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. அவ்விலக்கு காத்தது தூய்மையை என்றால், தூய்மையாக்கும் வேலைகளையெல்லாம் செய்தவர்களே ஏன் விலக்கப்பட்டார்கள்? அது காத்தது நிலத்தையும் அதிகாரத்தையும் கிணற்றையும். கைம்பெண் மங்கல காரியங்களில் முன் வரலாகாது என்ற விலக்கு காத்தது எவர் மங்கலத்தை? மதுரைப் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் மாதவிலக்கான பெண்களும் பிள்ளை பெற்றவர்களும் ஊருக்கு ஒதுக்கான முட்டுத்துறையில் தங்கும் வழக்கம் நம் காலம் வரை இருந்து வருகிறது. பயிரும் பிள்ளையும் எந்த இரத்தத்தால் தழைக்கின்றனவோ அதனிடம் அச்சமூகம் கொண்ட அச்சமும் வியப்பும் அவ்விலக்கில் கலந்திருப்பதாக ஆராய்ச்சியாளர் கூறுவர். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் வியப்பைச் சுமந்தவர் யார், மழையிலும் குளிரிலும் ஒதுக்குப்புறத்தில் படுத்தவர் யார்?

எட்கர் தர்ஸ்டன் 1912-இல் தென்னிந்தியச் சகுனங்களையும் நம்பிக்கைகளையும் பற்றித் தொகுத்த நூல் தொடங்கி, பின் வந்த தொகுப்புகள் பலவற்றிலும் விலக்குகள் ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. இன்ன சாதியார் இன்னதைச் செய்யார், இன்ன ஊரார் இன்னதை உண்ணார் என்று வரிசை வரிசையாக இருக்கும் அப்பதிவுகளில், சொன்னவர் பெரும்பாலும் ஊர்ப் பெரியவராகவோ பூசாரியாகவோ இருப்பதைக் காண்கிறோம். முட்டுத்துறையில் இரவுகளைக் கழித்த பெண்கள் அங்கே என்ன பேசிக்கொண்டார்கள், சோறு கொண்டுவந்து வைத்தது யார், தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்த விலக்கை அவர்கள் மனமார ஏற்றார்கள், எதைப் பிறர் அறியாமல் மீறினார்கள், மீறியது வெளிப்பட்டால் ஊர் என்ன பரிகாரம் கேட்டது என்பன போன்ற செய்திகளை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுத வேண்டும். அதை அறிந்த மூதாட்டிகள் ஊருக்கு ஒருவர் இருவராகவேனும் இன்னும் இருக்கிறார்கள். நாட்டார் வழக்காறு பயிலும் நம் மாணவிகள் அவர்களிடம் போய் அமர வேண்டிய காலம் இதுவே.